அத்தியாயம் 7: தடுப்பூசி நாளில் ஆட்டிசம் ஸ்கிரீனிங்

கீழப்பாவூரிலோ அதுபோன்ற வேறொரு சிற்றூரிலோ குழந்தைகளைப் பார்க்கும் டாக்டருக்கான அத்தியாயம் இது. நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இருக்கலாம், பாவூர்சத்திரத்தில் சொந்தமாகக் கிளினிக் வைத்திருக்கலாம். இதைப் படித்து முடித்ததும் மூன்று காரியங்கள் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும். ஒன்றரை வயதுப் பிள்ளையிடம் ஆட்டிசத்தின் அறிகுறி உண்டா என்று முறைப்படி பார்ப்பது முதலாவது. சந்தேகம் வந்தால் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்வது இரண்டாவது. உரிய இடத்துக்கு அனுப்பி, போய்ச் சேர்ந்தார்களா என்று கவனிப்பது மூன்றாவது.

ஆட்டிசத்தை உறுதி செய்யும் பொறுப்பு உங்களுடையது அல்ல. சந்தேகத்தைத் தவறவிடாமல் இருப்பதுதான் உங்கள் பொறுப்பு.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள் வாரம் பத்துப் பேர் உங்களிடம் வருகிறார்கள் என்றால், வருடத்துக்கு நான்கு பேர் வரை உங்கள் மேஜையைத் தாண்டிப் போகிறார்கள்.

## எப்போது பார்ப்பது?

தேசியத் தடுப்பூசி அட்டவணையில் 16 முதல் 24 மாதத்துக்குள் எம்.ஆர். இரண்டாம் தவணை, டி.பி.டி. பூஸ்டர், போலியோ பூஸ்டர் எல்லாம் வருகின்றன. அதற்கடுத்த டி.பி.டி. பூஸ்டர் 5 வயதுக்கு மேல்தான். காய்ச்சல், சளி என்று பிள்ளை இடையில் வரலாம். அப்போது எல்லோருடைய கவனமும் காய்ச்சலில்தான் இருக்கும். நல்ல உடம்போடு உங்கள் முன் உட்காரும் நாள் இந்த ஊசி நாள். இதை விட்டால் பள்ளியில் சேர்க்கும் வயதில்தான் அந்தப் பிள்ளையை மறுபடி நிதானமாகப் பார்ப்பீர்கள்.

இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கமும் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகமும் சொல்வதும் 18 முதல் 24 மாத வயதைத்தான். பெற்றோர் கவலை தெரிவித்தாலும் தெரிவிக்காவிட்டாலும், எல்லாப் பிள்ளைகளுக்கும் இந்த வயதில் ஆட்டிசத்துக்கென்று தனியாகச் சோதனை செய்ய வேண்டும்.

குறிப்பு: அண்ணனுக்கோ அக்காவுக்கோ ஆட்டிசம் இருந்தாலும், பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தாலும் 9ஆம் மாத ஊசியிலிருந்தே உன்னிப்பாகக் கவனியுங்கள். குறைமாதப் பிள்ளைக்கு வயதைக் கணக்கிடும்போது முன்கூட்டிப் பிறந்த வாரங்களைக் கழித்துக்கொள்ளுங்கள்.

## முன்கூட்டித் தயார் செய்ய வேண்டியவை

1. எம்-சாட்-ஆர்/எஃப் படிவம், தமிழில். 16 முதல் 30 மாதப் பிள்ளைகளுக்கானது. ஆம், இல்லை என்று பதில் சொல்லும் 20 கேள்விகள் கொண்டது. இலவசமாகக் கிடைக்கும். கேள்வித்தாளோடு, தொடர் கேள்விகள் அடங்கிய இரண்டாம் பகுதியையும் அச்சடித்து வையுங்கள். பலர் முதல் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறார்கள்.
2. ஒரு பொம்மைப் பை. உள்ளே இருப்பது தெரிகிற, மூடி இறுகிய டப்பா, அதற்குள் ஒரு பிஸ்கட், விளையாட்டு போன், சின்னப் பொம்மை, செப்புக் கிண்ணம், ஸ்பூன், சோப்புக் குமிழி ஊதும் டப்பி.
3. ஒரு நீள நோட்டு. பெயர், பிறந்த தேதி, மதிப்பெண், எங்கே அனுப்பினோம், போனார்களா, அடுத்து எப்போது என்று ஆறு கட்டங்கள் போதும்.
4. பழகிய ஒரு செவிலியர். கேள்விகளை அவர் கேட்கட்டும். முதல் சில வாரங்கள் நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும்.

## படிப்படியாகச் செய்முறை

படி 1. ஊசிக்கு முன்பே தொடங்குங்கள். ஊசி குத்திய பிள்ளை அழும். உங்களைத் திரும்பியும் பார்க்காது. அதை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. டோக்கன் கொடுக்கும்போதே படிவத்தைக் கையில் கொடுத்துவிடுங்கள். கேள்வி, கவனிப்பு, கடைசியில் ஊசி என்ற வரிசையை மாற்றாதீர்கள்.

படி 2. கேள்விகளை அப்படியே கேளுங்கள். படிக்கத் தெரிந்த தாய் தானே நிரப்பலாம். மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். வார்த்தைகளைச் சுருக்க வேண்டாம். பிள்ளை ஒன்றிரண்டு தடவை செய்ததைப் பார்த்திருக்கிறார்கள், வழக்கமாகச் செய்வதில்லை என்றால், பதில் "இல்லை" என்பதுதான். இதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலான தாய்மார், "ஆமா சார், செய்வான்" என்று சொல்லிப் போய்விடுவார்கள்.

படி 3. மதிப்பெண் போடுங்கள். பெரும்பாலான கேள்விகளில் "இல்லை" என்ற பதிலுக்கு ஒரு மதிப்பெண். 2, 5, 12 ஆகிய மூன்று கேள்விகளில் மட்டும் "ஆம்" என்ற பதிலுக்கு மதிப்பெண். காது கேட்கவில்லையோ என்ற சந்தேகம், கண்ணருகே விரலை விநோதமாக ஆட்டுவது, அன்றாடச் சத்தங்களுக்கு மிரள்வது ஆகியவை அந்த மூன்று. இவற்றைத் தலைகீழாகக் கணக்கிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. படிவத்தில் அந்த மூன்று எண்களையும் சிவப்பு மையில் வட்டமிட்டு வையுங்கள்.

- 0–2: இப்போதைக்குக் கவலை இல்லை. பிள்ளைக்கு 24 மாதம் முடியவில்லை என்றால், இரண்டாவது பிறந்த நாளுக்குப் பிறகு மறுபடி செய்யுங்கள்.
- 3–7: தொடர் கேள்விகளுக்குப் போங்கள்.
- 8–20: தொடர் கேள்விகள் வேண்டாம். நேரே அனுப்புங்கள்.

படி 4. தொடர் கேள்விகளைக் கேளுங்கள். மதிப்பெண் விழுந்த கேள்விகளை மட்டும் எடுத்து, உதாரணம் கேட்டு விரிவாக விசாரியுங்கள். ஐந்து முதல் பத்து நிமிடம் ஆகும். அதன் பிறகும் இரண்டோ அதற்கு மேலோ மதிப்பெண் நின்றால் அனுப்ப வேண்டும். இந்தப் படியைத் தாண்டினால், தேவையில்லாமல் பல பெற்றோரைக் கலங்க வைப்பீர்கள்.

2014இல் வெளியான ஆய்வில் 16,071 பிள்ளைகளுக்கு இந்த இரண்டு கட்டச் சோதனை நடந்தது. இரண்டு கட்டத்திலும் சந்தேகம் நின்று, முழு மதிப்பீட்டுக்கும் வந்த பிள்ளைகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஆட்டிசம் உறுதியானது. ஆட்டிசம் இல்லாதவர்களையும் சேர்த்தால், 100க்கு 95 பேருக்கு ஏதோ ஒரு வளர்ச்சித் தாமதமோ கவலையோ இருந்தது. அதனால் இரண்டு கட்டமும் தாண்டிய பிள்ளையை அனுப்பத் தயங்க வேண்டாம். அந்தப் பயணம் வீணாகாது.

படி 5. நீங்களே ஐந்து நிமிடம் பாருங்கள். பிள்ளை தாயின் மடியிலோ தரையிலோ இருக்கட்டும்.

- *பெயர் சொல்லி அழைத்தல்.* பிள்ளை வேறு எதையாவது பார்த்துக்கொண்டிருக்கும்போது, பக்கவாட்டிலிருந்து வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லுங்கள். பதிவேட்டில் ஒரு பெயர் இருக்கும், வீட்டில் வேறொன்றாக இருக்கும். தொடாமல், கை தட்டாமல், மூன்று முறை கூப்பிட்டுப் பாருங்கள்.
- *சுட்டுவதைப் பார்த்தல்.* சுவரில் பல்லி இருந்தால் நல்லது. "அங்க பாரு, பல்லி!" என்று விரலை நீட்டுங்கள். உங்கள் விரலைப் பார்க்கிறதா, விரல் காட்டும் இடத்தைப் பார்க்கிறதா? பார்த்துவிட்டு உங்கள் முகத்துக்குத் திரும்புகிறதா?
- *உதவி கேட்டல்.* மூடி இறுகிய டப்பாவைக் கையில் கொடுங்கள். இந்த ஒன்றை மட்டும் மிகக் கூர்ந்து கவனியுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் மூடியை இழுத்துப் பார்த்து, முடியாமல் டப்பாவை நீட்டி, தாயின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பார்கள். கையும் கண்ணும் சேர்ந்து பேசும். சில பிள்ளைகள் தாயின் மணிக்கட்டைப் பிடித்து மூடிமேல் வைத்து அழுத்துவார்கள். கண் டப்பாவிலேயே இருக்கும், முகத்துக்கு வராது. இதைப் பார்த்தால் எழுதி வையுங்கள்.
- *பாவனை விளையாட்டு.* போனைக் காதில் வைத்து "அலோ" என்கிறதா? பொம்மைக்குச் சோறு ஊட்டுகிறதா? கிண்ணத்தைச் சுழற்றிச் சுழற்றியே பார்த்துக்கொண்டிருக்கிறதா?
- *மகிழ்ச்சியைப் பகிர்தல்.* குமிழி ஊதுங்கள். குமிழியைப் பார்த்துச் சிரித்த பிள்ளை, "நீயும் பாரு" என்பதுபோல அம்மாவைத் திரும்பிப் பார்க்கிறதா?

எச்சரிக்கை: இந்த ஐந்து நிமிடக் கவனிப்பு சந்தேகத்தைக் கூட்ட மட்டுமே பயன்படும், குறைக்கப் பயன்படாது. 2015இல் வெளியான ஓர் ஆய்வில், ஆட்டிசத்தில் தேர்ந்த வல்லுநர்களே பத்து நிமிடக் காணொளியை மட்டும் பார்த்து, ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் 39 சதவீதம் பேரைத் தவறவிட்டார்கள். படிவம் சந்தேகம் சொன்னால், "எனக்கு நன்றாகத்தான் தெரிகிறான்" என்று அதைத் தள்ளிவிடாதீர்கள்.

படி 6. உடலைச் சோதியுங்கள். தலைச் சுற்றளவு, பார்வை, வலிப்பு இருந்ததா, தோலில் வெளிறிய இலை வடிவத் திட்டு உண்டா என்று பாருங்கள். பேச்சுத் தாமதமுள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் காது கேட்கும் திறனைச் சோதிக்க ஓ.ஏ.இ. அல்லது பெரா எழுதிக் கொடுங்கள். "டிவி சத்தம் கேட்டா ஓடி வாரான்" என்று வீட்டில் சொன்னாலும் விடாதீர்கள். சொந்தத்தில் திருமணம் செய்யும் வழக்கமுள்ள பகுதி நம்முடையது. பிறவிக் காதுகேளாமையை மறந்துவிடக் கூடாது.

## படிவம் இல்லாமலே உடனே அனுப்ப வேண்டியவர்கள்

- 12 மாதத்தில் மழலை ஒலி இல்லை. டாட்டா காட்டுவது, சாமி கும்பிடுவது, விரல் நீட்டுவது எதுவும் இல்லை.
- 16 மாதத்தில் ஒரு சொல்கூட வரவில்லை.
- 24 மாதத்தில் தானாக இரண்டு சொல் சேர்த்துப் பேசவில்லை. நாம் சொன்னதைத் திருப்பிச் சொல்வது கணக்கில் வராது.
- எந்த வயதிலானாலும், வந்த பேச்சோ பழக்கமோ மறைந்துவிட்டது. "அம்மா, தாத்தா சொன்னான், இப்ப சொல்ல மாட்டேங்கான்" என்று ஒரு தாய் சொன்னால், அன்றே பரிந்துரைக் கடிதம் எழுதுங்கள்.

## வீட்டார் சொல்வதும் நீங்கள் கேட்க வேண்டியதும்

"அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு." ஆச்சி உறுதியாகச் சொல்வார். மறுத்துப் பேச வேண்டாம். "சரி ஆச்சி. பேச்சு வராட்டாலும், வேணும்கிறதை விரல் நீட்டிக் காட்டுதானா? நிலாவைக் காட்டினா பாக்கானா?" என்று கேளுங்கள். தாமதமாகப் பேசும் பிள்ளை சைகையால் பேசிக்கொண்டிருக்கும். சைகையும் இல்லை என்றால் அதை வெறும் பேச்சுத் தாமதம் என்று விட முடியாது.

"ரொம்ப சமத்து, ஒரே இடத்துல இருப்பான்." பீடி சுற்றும் வீடுகளில் இதை அடிக்கடி கேட்பீர்கள். தாய் தட்டோடு உட்கார, பிள்ளை கையில் போன் இருக்கும். எவ்வளவு நேரம் என்று குற்றம் சாட்டும் தொனி இல்லாமல் கேளுங்கள். அந்தக் கூலியில்தான் வீடு நடக்கிறது.

"செல்போனை நிறுத்தினா சரியாயிரும்." போனைக் குறைப்பது நல்லதுதான். இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2 வயதுக்குள் திரையே வேண்டாம் என்கிறது. வெளியூரில் இருக்கும் அப்பாவோடு எப்போதாவது வீடியோ காலில் பேசுவதற்கு மட்டும் விலக்கு உண்டு. ஆனால் "மூன்று மாதம் போனை நிறுத்திப் பார்ப்போம்" என்று சொல்லி, அனுப்புவதைத் தள்ளிப்போடாதீர்கள். இரண்டும் ஒரே நாளில் தொடங்கட்டும்.

## பெற்றோரிடம் சொல்லும் முறை

1. கூட்டத்தின் நடுவில் சொல்லாதீர்கள். ஊசி முடிந்த பிறகு தனியாக உட்காரவையுங்கள். கூட வந்திருக்கும் ஆச்சியோ அத்தையோ உள்ளே இருக்கட்டுமா என்று தாயிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.
2. பிள்ளையிடம் நீங்கள் கண்ட நல்லதில் தொடங்குங்கள்.
3. கண்டதை மட்டும் சொல்லுங்கள், பெயர் சூட்டாதீர்கள். இப்படிச் சொல்லலாம்: "உங்க பிள்ளை மத்தவங்களோட சேர்ந்து பாக்குறதும் சைகை காட்டுறதும் வயசுக்குக் கொஞ்சம் பின்னால இருக்கும்மா. ஏன்னு தெரிஞ்சுக்க இன்னொரு டாக்டர் பாக்கணும். அதுவரைக்கும் வீட்டுல செய்ய வேண்டியதை நான் சொல்லித் தாரேன்."
4. "ஆட்டிசமா சார்?" என்று அவர்களே கேட்டால் மழுப்ப வேண்டாம். "இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அதைப் பாக்கத்தான் அனுப்புறேன்" என்று சொல்லுங்கள்.
5. கேட்காவிட்டாலும் இதைச் சொல்லுங்கள்: "இது உங்க வளர்ப்பால வந்தது இல்லை." பழி பெரும்பாலும் தாயின் தலையில்தான் விழுகிறது. டாக்டர் வாயால் வரும் இந்த ஒரு வாக்கியம் வீட்டுக்குள் அவருக்குத் துணை நிற்கும். முடிந்தால் கணவரும் மாமியாரும் கேட்கும்படி சொல்லுங்கள்.

## எங்கே அனுப்புவது?

அரசுத் தரப்பில்: 2013இல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின் நடமாடும் குழு அங்கன்வாடிகளுக்கு வருடத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். ஆட்டிசமும் அவர்கள் பார்க்கும் பட்டியலில் உண்டு. சந்தேகமுள்ள பிள்ளைகளை டி.இ.ஐ.சி. எனப்படும் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்துக்கு அனுப்புவதே அந்தத் திட்டத்தின் வழி. முழுமையான மதிப்பீட்டுக்குத் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

தொண்டு நிறுவனம்: தென்காசிக்குப் பக்கத்திலேயே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருக்கிறது. கழுத்துக்குக் கீழ் செயலிழந்த நிலையில் எஸ். ராமகிருஷ்ணன் 1981இல் தொடங்கிய அமைப்பு இது. 2020இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. வளர்ச்சித் தாமதமுள்ள சிறு பிள்ளைகளின் வீட்டுக்கே பயிற்சி பெற்ற களப்பணியாளர்கள் போய், பெற்றோருக்குச் சொல்லிக் கொடுக்கும் முறையை இங்கே வளர்த்திருக்கிறார்கள். 'எனேபிளிங் இன்க்ளூஷன்' என்ற செயலி வழியாகத் தெரபிஸ்டுகள் அந்தப் பணியை மேற்பார்வை செய்கிறார்கள். இரண்டு பஸ் மாறி ஒரு நாள் கூலியை இழக்கும் குடும்பத்துக்கு, வீட்டுக்கு வரும் உதவி எவ்வளவு பெரிது என்று சொல்லத் தேவையில்லை.

கடிதத்தில் எழுத வேண்டியவை: மதிப்பெண், தவறிய கேள்விகளின் எண்கள், நீங்கள் கண்டது, காதுச் சோதனை நிலை, தாயின் கவலை அவர் சொன்ன வார்த்தையிலேயே.

அனுப்பிய பிறகு: இரண்டு வாரத்தில் செவிலியர் போன் செய்யட்டும். போகவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். பெரும்பாலும் காரணம் பஸ், கூலி, இல்லையென்றால் வீட்டில் யாரோ வேண்டாம் என்றிருப்பார்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் அங்கன்வாடிப் பணியாளரிடமும் தாயின் சம்மதத்தோடு சொல்லி வையுங்கள்.

சான்றிதழ்: 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. உறுதியான பிறகு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். முதல் நாளில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள்.

## காத்திருக்கும் நாட்களில் வீட்டில் செய்ய வேண்டியவை

மதிப்பீட்டுக்குத் தேதி கிடைக்க நாளாகலாம். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. கோவாவிலும் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளோடு நடந்து 2016இல் வெளியான ஆய்வில், நிபுணர் அல்லாத களப்பணியாளர்களே பெற்றோருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். பிள்ளைகள் பெற்றோரோடு தாமாகத் தொடர்புகொள்வது கூடியது. நீங்கள் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டியவை இவை:

1. தினம் காலையும் மாலையும் பதினைந்து நிமிடம் பீடித் தட்டு, போன், டிவி மூன்றும் ஓரமாக இருக்கட்டும். புகையிலைத் தூள் பிள்ளை கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும்.
2. பிள்ளையின் முகத்துக்கு நேராக, அதன் மட்டத்தில் உட்காருங்கள்.
3. பிள்ளை செய்வதை நீங்களும் செய்யுங்கள். அது கிண்ணத்தைத் தட்டினால் நீங்களும் தட்டுங்கள்.
4. கேட்கும் முன்பே எதையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கையில் வைத்துக்கொண்டு சில நொடி காத்திருங்கள். ஒரு பார்வை, ஒரு சத்தம் வந்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள்.
5. சின்னச் சொற்களாகப் பேசுங்கள். குளிப்பாட்டும்போது "தண்ணி", "ஊத்து", சாப்பிடும்போது "தோசை", "இன்னும்".

## பாதுகாப்பு

- தடுப்பூசியை நிறுத்தக் கூடாது. ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற பயத்தைக் கிளப்பிய 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றது. ஊசி போடும் வயதிலேயே அறிகுறிகளும் வெளியே தெரிவதால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. ஊசிக்கு முன்பே சோதித்து நோட்டில் எழுதி வைத்தால், இதை விளக்குவதும் எளிது.
- நாக்கில் வசம்பு உரசித் தடவ வேண்டாம். பேச்சு வரும் என்று செய்கிறார்கள். குழந்தைக்கு நஞ்சாகலாம்.
- பேச்சுக்காக நாக்குக்கட்டு ஆபரேஷன் வேண்டாம். பேச்சே வராமல் போவதற்கு நாக்குக்கட்டு காரணமல்ல. மாதங்கள் வீணாகும்.
- ஸ்டெம் செல் சிகிச்சை வேண்டாம். தேசிய மருத்துவ ஆணையம் 2022இலேயே ஆட்டிசத்துக்கு இதைப் பரிந்துரைக்கவில்லை என்று சொல்லிவிட்டது. நகை அடகு வைத்து லட்சங்களை இழக்கும் முன் நீங்கள் எச்சரியுங்கள். உடலிலிருந்து உலோகம் எடுப்பதாகச் சொல்லும் சிகிச்சை உயிருக்கே ஆபத்து.
- நீர்நிலை. ஆட்டிசமுள்ள பிள்ளைகள் பலர் சொல்லாமல் வீட்டை விட்டு நடந்துவிடுவார்கள். பலருக்குத் தண்ணீர்மேல் ஈர்ப்பு அதிகம், கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார்கள். குளமும் கிணறும் வாய்க்காலும் உள்ள ஊரில் இது பெரிய ஆபத்து. வாசல் கதவுக்கு மேல் தாழ்ப்பாள், கிணற்றுக்கு மூடி இரண்டும் அவசியம். குற்றால சீசன் கூட்டத்துக்குப் போனால் ஒரு ஆள் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டையில் போன் எண் எழுதிய துண்டைத் தைத்துவிடச் சொல்லுங்கள்.
- வலிப்பு வந்தால் ஆட்டிசம் மதிப்பீட்டுத் தேதிக்காகக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.

## டாக்டர்கள் செய்யும் ஐந்து தவறுகள்

1. "ஆம்பளப் பிள்ளை, பேசிருவான், பொறுங்க" என்பது. இந்த ஒரு வாக்கியத்தால் போகும் காலத்தைப் பின்னால் எதைக் கொடுத்தும் மீட்க முடியாது.
2. சிரிக்கிறது, அம்மாவைக் கட்டிப்பிடிக்கிறது, அதனால் ஆட்டிசம் இல்லை என்று முடிவுகட்டுவது. பாசத்துக்கும் ஆட்டிசத்துக்கும் பகை இல்லை.
3. பெண் பிள்ளை என்றால் "கூச்சம்" என்று விட்டுவிடுவது.
4. உறுதியான பிறகுதான் தெரபி என்று காத்திருக்க வைப்பது. தாமதம் தெரிந்தாலே பயிற்சி தொடங்கலாம்.
5. 18ஆம் மாதத்தில் தேறிய பிள்ளையை 24ஆம் மாதத்தில் மறந்துவிடுவது. சிலருக்கு அந்த இடைவெளியில்தான் பேச்சு பின்வாங்குகிறது.

## அடுத்த புதன்கிழமை ஊசி நாளுக்கு முன்

☐ படிவம் இரண்டு பகுதியும் அச்சடித்தாயிற்று. 2, 5, 12 வட்டமிட்டாயிற்று.
☐ பொம்மைப் பை, நோட்டு தயார்.
☐ செவிலியரிடம் "கேள்வி, கவனிப்பு, ஊசி" என்ற வரிசையைச் சொல்லியாயிற்று.
☐ மாவட்ட மையம், மருத்துவக் கல்லூரி, ஆய்க்குடி ஆகிய மூன்று இடங்களின் பார்வை நேரமும் எண்ணும் விசாரித்து மேஜையில் ஒட்டியாயிற்று.
☐ வீட்டுப் பயிற்சித் தாள் தமிழில், பெரிய எழுத்தில் தயார்.

முதல் வாரம் எல்லாப் பிள்ளைகளுக்கும் முடியாவிட்டாலும் பரவாயில்லை, ஐந்து பேரோடு தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து நோட்டை எடுத்து, "போனார்களா" என்ற கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழாகப் பாருங்கள். அங்கே காலியாக இருக்கும் ஒவ்வொரு பெயருக்கும் அன்றே போன் செய்யுங்கள்.